கோர் கோப்பைத் திறந்த பிறகு எதைப் பார்ப்பது? ஜிடிபி கொண்டு நினைவகத்தைப் படிக்கும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியின் எடைமேடைக்காக சி மொழியில் எழுதப்பட்ட நிரல் லினக்ஸ் கணினியில் ஓடுகிறது; சில நாட்களுக்கு ஒருமுறை ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது; அப்போது உருவான, நின்ற நொடியின் நினைவகத்தை நகலாக வைத்திருக்கும் கோர் கோப்பைக் கடலூரில் உள்ள உங்கள் அலுவலகக் கணினிக்குக் கொண்டுவந்து, நிரலின் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் திறந்தால் வரிக்கு வரி இரட்டைக் கேள்விக்குறிகளே வருகின்றன. இதை வைத்து என்ன செய்வது, எங்கிருந்து பார்ப்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். கேள்விக்குறிகள் வருவதால் கோர் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் முகவரிகளுக்கு உரிய பெயர்களை ஜிடிபியால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோர் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கிவிடும். லினக்ஸில் அது ஈஎல்எஃப் என்ற, நிரல் கோப்புகளுக்கு உரிய வடிவத்தில் அமைந்த ஒரு கோப்பு. அதில் ஒரு பகுதி குறிப்புகள்: ஒவ்வொரு த்ரெட்டின் (நிரலுக்குள் தனித்து ஓடும் இழையின்) ரெஜிஸ்டர் (செயலியின் உள்ளே இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகள், நிரலை நிறுத்திய சிக்னல் (இயக்குதளத்தின் மையமான கெர்னல் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு), அந்தச் சிக்னலைப் பற்றிய விவரம், எந்தெந்தக் கோப்புகள் நினைவகத்தில் எந்தெந்த முகவரியில் பொருத்தப்பட்டிருந்தன என்ற பட்டியல். மற்றொரு பகுதி நினைவகமே: ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளுக்கான இடம்), ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் இடம்), பொது மாறிகள். ஆனால் நிரலின் இயந்திரக் கட்டளைகள் அடங்கிய பக்கங்கள் பொதுவாக அதில் சேர்க்கப்படுவதில்லை. அவைதாம் வட்டில் கோப்பாக ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கெர்னல் அவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே கோர் கோப்பு தனித்து நிற்காது. அது உருவான அதே இயங்கு கோப்பும், அன்று ஏற்றப்பட்டிருந்த அதே நூலகக் கோப்புகளும் பக்கத்தில் இருந்தால்தான் அதைப் படிக்க முடியும். மூலநிரலை உங்கள் கணினியில் மறுபடியும் கம்பைல் செய்து அந்த இயங்கு கோப்போடு பண்ருட்டியின் கோர் கோப்பைத் திறப்பது, ஒரு கிராமத்தின் சர்வே எண்ணை வைத்துக்கொண்டு வேறொரு கிராமத்தின் புல வரைபடத்தில் நிலம் தேடுவதைப் போன்றது. எண் இருக்கும், நிலம் அதுவாக இருக்காது.

கோர் கோப்பும் இயங்கு கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. பொதுவாக ஒவ்வொரு இயங்கு கோப்பிலும் ‘பில்ட் ஐடி’ என்ற அடையாளம் பதிந்திருக்கும். ‘ரீட்எல்ஃப்’ கருவியை ‘-என்’ தெரிவுடன் இயக்கினால் இயங்கு கோப்பின் அடையாளம் தெரியும். எல்ஃப்யூட்டில்ஸ் தொகுப்பில் வரும் ‘ஈயூ-அன்ஸ்ட்ரிப்’ கருவி கோர் கோப்புக்குள் பதிவான அடையாளங்களைப் பட்டியலிடும். இரண்டும் ஒத்திருந்தால் மேலே போகலாம். ஒத்திருக்காவிட்டால் அதன் பிறகு ஜிடிபி காட்டும் எதையும் நம்பக் கூடாது, ஏனெனில் தவறான இயங்கு கோப்போடும் அது சில நேரம் நம்பத்தகுந்த பெயர்களையே காட்டும். அது கேள்விக்குறிகளைவிட மோசமான நிலை.

நூலகங்களைப் பொறுத்தவரை என் பரிந்துரை எளிது: கோர் கோப்பைக் கடலூருக்குக் கொண்டுவராதீர்கள். பண்ருட்டிக் கணினியிலேயே ஜிடிபியை நிறுவி, தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைந்து அங்கேயே திறவுங்கள். சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி உள்பட எல்லா நூலகங்களும் சரியான பதிப்பில் அங்கே இருக்கின்றன. அது முடியாவிட்டால் அந்த நூலகக் கோப்புகளை அவற்றின் அடைவு அமைப்போடு அப்படியே நகலெடுத்து வந்து, ஜிடிபியில் ‘செட் சிஸ்ரூட்’ கட்டளையால் அந்த அடைவைச் சுட்டிக்காட்டி, ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’ கொடுத்து எல்லாம் சரியாக ஏற்றப்பட்டனவா என்று பார்க்கவேண்டும்.

பொருத்தம் சரியாகி, செயற்கூறுகளின் பெயர்கள் மட்டும் தெரிந்து, வரி எண்களும் மாறிகளும் தெரியாமல் இருந்தால் நிரல், பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்கும் ‘-ஜி’ தெரிவு இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டிருக்கிறது, அல்லது பின்னர் ‘ஸ்ட்ரிப்’ கருவியால் அந்தத் தகவல் மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது. அதே மூலநிரல், அதே கம்பைலர் பதிப்பு, அதே தெரிவுகளோடு ‘-ஜி’யை மட்டும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் பெரும்பாலும் அதே இயந்திரக் கட்டளைகள் அதே முகவரிகளில் கிடைக்கும், ‘-ஜி’ உருவாகும் கட்டளைகளை மாற்றக் கூடாது என்பது ஜிசிசியின் வடிவமைப்புக் கொள்கை. பில்ட் ஐடி மாறிவிடும் என்பதால், ஓரிரு செயற்கூறுகளின் கட்டளைகளைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இனிமேல் எப்போதும் ‘-ஜி’யோடு கம்பைல் செய்து, அந்தத் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரித்து உங்களிடம் வைத்துக்கொண்டு, மெலிந்த கோப்பை மட்டும் எடைமேடைக்கு அனுப்புவது நல்ல பழக்கம். நிரலை வேகப்படுத்தும் ‘-ஓ2’ தெரிவோடு ‘-ஜி’ சேராது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம்.

இனி உள்ளே போகலாம். ஜிடிபி தொடங்கியவுடன் எந்தச் சிக்னலால் நிரல் நின்றது என்று ஒரு வரி காட்டும். பலரும் அதைத் தாண்டிப் போய் நேராக ‘பேக்ட்ரேஸ்’ (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை) எடுக்கிறார்கள். அந்த வரியில் சற்று நிற்கவேண்டும். 11ஆம் எண் சிக்னல் என்றால் நிரல் தொடக் கூடாத முகவரியைத் தொட்டிருக்கிறது. 6ஆம் எண் என்றால் நிரலோ ஜிலிப்சியோ தானே முன்வந்து நிறுத்தியிருக்கிறது. அப்படியானால் திரையிலோ பதிவேட்டிலோ ‘டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்’ போன்ற ஒரு செய்தியும் இருக்கும். 8 என்றால் பெரும்பாலும் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்திருக்கிறது. ஷெல் காட்டும் 139, 134 என்ற எண்களும் இவையே: 128ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டிய தொகை. நினைவகம் போதாமல் கெர்னலே நிரலைக் கொன்றிருந்தால் அது 9ஆம் சிக்னல்; அதற்குக் கோர் கோப்பே உருவாகாது, ஆகையால் உங்கள் வழக்கு அதுவல்ல.

11ஆம் சிக்னல் என்றால் அடுத்துக் கேட்கவேண்டியது, எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது என்பது. ஜிடிபியில் ‘சிக்இன்ஃபோ’ என்ற உள்மாறியை அச்சிட்டால் அந்த முகவரி கிடைக்கும். ‘டிமெசேஜ்’ காட்டும் கெர்னல் செய்தியிலும் அது இருக்கும். அந்த ஒற்றை எண் பல கதைகளைச் சொல்லிவிடும். பூஜ்யம் அல்லது 8, 24, 40 போன்ற சிறிய எண் என்றால் வெற்றுப் பாயின்டர் (எதையும் சுட்டாத முகவரி மாறி) வழியாக ஒரு பதிவின் (சி மொழியின் ‘ஸ்ட்ரக்ட்’) உறுப்பைத் தொட்டிருக்கிறது. எண்ணே அந்த உறுப்பு பதிவில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டாக் பாயின்டருக்கு மிக அருகில் உள்ள முகவரி என்றால், முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் செயற்கூறு ஸ்டாக்கின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். பேக்ட்ரேஸில் ஒரே பெயர் ஆயிரக்கணக்கில் வந்தால் அது உறுதி. முகவரி பூஜ்யம் என்று காட்டினாலும், சிக்னல் விவரத்தில் ‘கோட்’ என்ற இடத்தில் 128 இருந்தால் எச்சரிக்கை: அது வெற்றுப் பாயின்டர் அல்ல. எக்ஸ்86 64-பிட் செயலியில் முகவரியாகவே இருக்கமுடியாத ஓர் எண்ணை முகவரியாகப் பயன்படுத்தினால் செயலி வேறு வகைப் பிழையை எழுப்பும். அப்போது கெர்னலிடம் சொல்வதற்கு முகவரி இல்லை, எனவே பூஜ்யம் என்று எழுதிவிடுகிறது. ‘வெற்றுப் பாயின்டர் சோதனை போட்டாயிற்று, ஆனாலும் விழுகிறது’ என்று புலம்பும் பலர் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள்.

அதன்பின் பேக்ட்ரேஸ். ‘பிடி ஃபுல்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு சட்டகத்தின், அதாவது ஒவ்வொரு செயற்கூற்று அழைப்பின், உள்மாறிகளும் சேர்ந்து வரும். நிரலில் ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட்டுகள் இருந்தால் ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். விழுந்த த்ரெட் நிரபராதியாகவும் அடுத்த த்ரெட் குற்றவாளியாகவும் இருப்பது வழக்கம். ‘ஃப்ரேம்’, ‘அப்’, ‘டவுன்’ கட்டளைகளால் சட்டகங்களுக்கு இடையே நகரலாம். மாறியின் மதிப்புக்குப் பதிலாக ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால் மனம் தளரவேண்டாம். மாறி போய்விட்டது என்றாலும் மதிப்பு ஏதோ ஒரு ரெஜிஸ்டரிலோ மேலே உள்ள சட்டகத்திலோ பெரும்பாலும் இருக்கும். ‘எக்ஸ்’ கட்டளையால் தற்போதைய கட்டளை முகவரியில் உள்ள இயந்திரக் கட்டளையைப் பார்த்து, அது எந்த ரெஜிஸ்டரை முகவரியாகப் பயன்படுத்தியது என்று கண்டு, ‘இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்’ வழியாக அதன் மதிப்பை எடுக்கலாம். இயந்திரக் கட்டளை மொழி முழுவதும் தெரியவேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். கோர் கோப்பில் உயிருள்ள நிரல் இல்லை. எனவே மாறிகளை அச்சிடலாம், பாயின்டரைத் தொடர்ந்து போகலாம், ஜிடிபியின் சொந்த மாறிகளை வைத்து ‘வைல்’ சுற்று எழுதி ஒரு பட்டியல் முழுவதையும் நடந்து பார்க்கலாம். ஆனால் நிரலின் செயற்கூறு எதையும் அழைக்க முடியாது. சரத்தின் நீளத்தைத் தரும் ‘ஸ்டிரிங்-லென்’ போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஜிடிபி மறுத்துவிடும்.

இதுவரை சொன்னது எங்கே விழுந்தது என்பதற்கு. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஏன் விழுந்தது என்பது. நினைவகம் கெடும் வகைப் பிழைகளில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது அரிது. கெடுத்தவர் எப்போதோ கெடுத்துவிட்டுப் போயிருப்பார். அதைத் தொட்டவர் விழுவார். அப்போது பேக்ட்ரேஸை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. கெட்டுப்போன பைட்டுகளைப் படிக்கவேண்டும். ஒரு பாயின்டர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு எதுவோ எழுதப்பட்டிருக்கிறது என்றால், அது என்ன என்று தெரிந்தால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். தமிழில் தரவு வைத்திருக்கும் நிரல்களில் இதற்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பாயின்டர் இருக்கவேண்டிய எட்டு பைட்டுகளில் 224, 174, 175 கண்ணில் பட்டால், அங்கே தமிழ் எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். பைட்டுகளைப் பத்தடிமான எண்ணாகப் பார்க்க ‘எக்ஸ்’ கட்டளையில் ‘யூ’ வடிவத்தையும் ‘பி’ அளவையும் கொடுக்கவேண்டும். சரமாக அச்சிடும்போது ஜிடிபி எட்டடிமானத்தில் 340, 256 என்று சாய்கோட்டோடு காட்டினால் அதுவும் அதே 224, 174தான்.

நீங்கள் எடைமேடை என்று சொன்னதால், புதுச்சேரியில் அதே வகையான ஒரு நிரலில் நான் பார்த்ததையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பதிவு. அதில் முதலில் ஊர்ப் பெயருக்கு 32 பைட்டுகள். அடுத்த 8 பைட்டுகள் அடுத்த பதிவைச் சுட்டும் பாயின்டர். 40ஆவது பைட்டில் தொடங்கி 4 பைட்டுகளில் எடை, கிலோவில். ஆக பதிவின் அளவு, சீரமைப்புக்கான இடைவெளியோடு 48 பைட்டுகள். எடையும் பாயின்டரும் முதலில் எழுதப்பட்டு, ஊர்ப் பெயர் கடைசியாக, அளவு பார்க்காமல் நகலெடுக்கப்பட்டது. நிரல் எழுதப்பட்ட காலத்தில் ஊர்ப் பெயர்கள் ஒரு குறிக்கு ஒரு பைட் என்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தன. 32 இடம் தாராளம். பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். பதிவின் அளவை யாரும் தொடவில்லை.

கடலூர் என்ற பெயரில் 6 குறிகள், 18 பைட்டுகள். பண்ருட்டிக்கும் சிதம்பரத்துக்கும் 27. புதுச்சேரிக்கு 30, இறுதிப் பூஜ்யத்தோடு 31, ஒரு பைட் மிச்சம். இவை எல்லாம் அடங்கிவிடுகின்றன, அதனால்தான் நிரல் பெரும்பாலான நாட்கள் ஒழுங்காக ஓடியது. வில்லியனூருக்கு 11 குறிகள், 33 பைட்டுகள். கடைசிப் புள்ளியின் மூன்றாவது பைட்டான 141ம், அதன் பின்வரும் பூஜ்யமும் பாயின்டரின் முதல் இரண்டு பைட்டுகளில் போய் விழும். சிறிய மதிப்புடைய பைட் முதலில் வரும் செயலி என்பதால், பாயின்டரின் மேல்பகுதி அப்படியே இருக்க, கீழ்ப்பகுதி மட்டும் மாறும். நாளின் முதல் லாரி வில்லியனூரிலிருந்து வந்தால் அந்தப் பாயின்டர் முன்பு வெற்றாக இருந்திருக்கும். இப்போது அதன் மதிப்பு 141. மாலையில் மொத்த எடையைக் கூட்டும் செயற்கூறு, வெற்று அல்ல என்று நம்பி, 141ஓடு 40ஐக் கூட்டி 181ஆம் முகவரியில் எடையைப் படிக்கப் போகும். கெர்னல் செய்தியில் அது பதினாறடிமானத்தில் ‘பி5’ என்று வரும். நான் அங்கே முதலில் பார்த்ததும் இந்த எண்ணைத்தான். வெற்றுப் பாயின்டராக இருந்தால் 40, அதாவது பதினாறடிமானத்தில் 28 வந்திருக்கவேண்டும். 181 என்பது எந்த உறுப்பின் இடத்தோடும் ஒத்துப்போகவில்லை, பதிவின் அளவையும் தாண்டியது. 40ஐக் கழித்தால் 141. யூடிஎஃப்-8இல் புள்ளி என்பது 224, 175, 141. அதற்கு மேல் ஊகிக்க எதுவும் இல்லை.

முதல் லாரியாக இல்லாமல் நடுவில் வந்தால் நிலைமை வேறு. பாயின்டரின் மேல் ஆறு பைட்டுகள் சரியாக இருப்பதால் அது பெரும்பாலும் ஹீப்புக்குள்ளேயே வேறோர் இடத்தைச் சுட்டும். உடனே விழாமல், குப்பையை எடையாகப் படித்து, குப்பையைப் பாயின்டராக எடுத்து, எங்கோ தொலைவில் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு குறிப்பு: 64-பிட் ஜிலிப்சியில், நினைவகம் ஒதுக்கும் ‘மேலாக்’ செயற்கூறு தரும் முகவரி எப்போதும் 16ஆல் வகுபடும், பதினாறடிமானத்தில் எழுதினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகவே இருக்கும். பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொரு பாயின்டராக அச்சிட்டுக்கொண்டு வந்து, கடைசி இலக்கம் பூஜ்யமாக இல்லாத முதல் பாயின்டரைப் பிடித்தால் அதை ஏந்தியிருக்கும் பதிவே கெட்ட பதிவு.

பரங்கிப்பேட்டை வந்தால் 14 குறிகள், 42 பைட்டுகள். பாயின்டர் முழுவதும் அழிந்து, அந்த இடத்தில் 159, 224, 175, 141, 224, 174, 159, 224 என்று இருக்கும். பயனர் நிரலின் முகவரியில் மேலே உள்ள இரண்டு பைட்டுகள் பூஜ்யமாக இருக்கவேண்டும். இங்கே 159, 224. ஆகவே மேலே சொன்ன, முகவரியே இல்லாத வகைப் பிழை. அதோடு நிற்கவில்லை. மிச்சமுள்ள 175, 136 என்ற இரண்டு பைட்டுகளும் இறுதிப் பூஜ்யமும் எடையின் மேல் எழுதப்படும். 136ஐ 256ஆல் பெருக்கி 175ஐக் கூட்டினால் 34,991. சரக்கோடு நிற்கும் ஒரு லாரியின் மொத்த எடையாக யாரும் நம்பக்கூடிய எண். நிரல் விழுந்தது மட்டுமே தெரிந்து, அதற்கு முன்பே ரசீதில் தப்பான எடை ஏறியிருப்பது தெரியாமல் போயிருக்கலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த லாரிகள் எல்லாம் ஒரே எடையாக இருப்பதை மண்டிக்காரர்கள் கவனிப்பதற்கு முன் நீங்கள் கவனிப்பது நல்லது. என் கருத்தில், நிரல் விழுவது இங்கே சிறிய தொல்லை. விழாமல் ஓடிய நாட்கள்தாம் பெரிய தொல்லை.

காட்டுமன்னார்கோயில் 19 குறிகள், 57 பைட்டுகள். இது பதிவின் 48 பைட்டுகளையும் தாண்டுகிறது. 48 பைட்டுகள் கேட்டால் ஜிலிப்சி ஒதுக்கும் துண்டு 64 பைட்டுகள். நாம் பெறும் முகவரிக்கு 8 பைட்டுகள் முன்னால் அந்த அளவு எழுதப்பட்டிருக்கும், கடைசி மூன்று பிட்டுகள் கொடிகளாகப் பயன்படுவதால் பெரும்பாலும் 65 என்று தெரியும். பதிவுகள் அடுத்தடுத்து ஒதுக்கப்பட்டிருந்தால் நம் பதிவின் 56ஆவது பைட் அடுத்த துண்டின் அளவு எழுதிய இடம். அங்கே 65க்குப் பதில் 141 வந்துவிடும். அடுத்த பதிவை விடுவிக்கும்போது ‘ஃப்ரீ’ செயற்கூற்றுக்குள் நிரல் விழும். பேக்ட்ரேஸில் ஊர்ப் பெயர் நகலெடுக்கும் செயற்கூற்றின் சுவடே இருக்காது. ‘ஃப்ரீயில் விழுகிறது, ஜிலிப்சியில் பிழை’ என்று முடிவு கட்டுபவர்கள் பார்க்கத் தவறுவது இந்த 8 பைட்டுகளைத்தான். ஒரே தவறு, மூன்று ஊர்கள், மூன்று விதமான பேக்ட்ரேஸ். மூன்றையும் தனித்தனிப் பிழைகளாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

உங்கள் நிரலில் இதே தவறுதான் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. கெட்ட பைட்டுகள் வேறு விதமாகவும் இருக்கலாம். 48 முதல் 57 வரையிலான எண்கள் வரிசையாக வந்தால் அவை இலக்கங்கள். எடைமானி சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் எழுத்து வடிவ எடையோ வண்டி எண்ணோ தன் எல்லையைத் தாண்டியிருக்கலாம். 13, 10 என்று இரண்டு பைட்டுகள் சேர்ந்து வந்தால் அந்தச் செய்தியின் வரி முடிவு. பதிவின் முதல் 16 பைட்டுகள் மட்டும் விளங்காத முகவரிகள்போல் மாறி, மற்றவை நன்றாக இருந்தால், அது விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மறுபடி தொட்ட வழக்காக இருக்க வாய்ப்பு அதிகம். விடுவித்த துண்டின் தொடக்கத்தை ஜிலிப்சி தன் சொந்தக் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. 2.32ஆம் பதிப்பிலிருந்து அந்த முகவரிகளில் சில கலைத்து எழுதப்படுவதால், பார்வைக்கு முகவரிபோல் தோன்றாமலும் இருக்கலாம்.

கோர் கோப்பு ஒரு நொடியின் படம். யார் எப்போது எழுதினார் என்ற வரலாறு அதில் இல்லை. பைட்டுகளிலிருந்து சந்தேகம் பிறந்த பிறகு அதை உறுதிசெய்ய உயிருள்ள நிரல் வேண்டும். அட்ரஸ் சானிடைசர் தெரிவோடு கம்பைல் செய்து, சந்தேகப்படும் ஊர்ப் பெயரையே உள்ளிட்டுப் பாருங்கள். விடுவித்ததைத் தொடுவதையும் துண்டின் எல்லையைத் தாண்டுவதையும் நடக்கும் அந்த வரியிலேயே பிடித்துவிடும். ஆனால் ஒரு பதிவுக்குள்ளேயே ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு வழிவதை அது பொதுவாகப் பிடிக்காது. எனவே காட்டுமன்னார்கோயிலைப் பிடிக்கும், வில்லியனூரைக் கோட்டைவிடும். அதற்கு ஜிடிபியில் அந்தப் பாயின்டரின் மேல் ‘வாட்ச்பாயின்ட்’ வைப்பதே சரியான வழி. மதிப்பு மாறும் கட்டளையிலேயே நிரல் நிற்கும். ‘ஃபோர்டிஃபை சோர்ஸ்’ என்ற தெரிவை ‘-ஓ2’வோடு சேர்த்து இயக்கினால் ‘ஸ்டிரிங்-காப்பி’ வகை வழிதல்களை ஜிலிப்சியே கண்டு நிரலை நிறுத்தும். புதுச்சேரி நிரல் ‘-ஓ2’ போன்ற மேம்பாட்டுத் தெரிவு எதுவும் இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டதால் அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை.

திருத்தும்போது 32ஆவது பைட்டில் வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் ரசீதில் உடைந்த கட்டம் வரும். 128 முதல் 191 வரையிலான பைட்டின் முன் வெட்டு விழுமானால், குறியின் முதல் பைட் வரும் வரை பின்னோக்கி நகர்ந்து வெட்டவேண்டும். அப்போதும் உயிர்மெய்யின் குறி பிரிந்து, ‘கி’ என்பது ‘க’வாக நிற்கலாம். உறுப்பின் அளவைக் கூட்டுவதே மேல். ஆனால் பதிவுகளை அப்படியே வட்டில் எழுதும் நிரல் என்றால், அளவைக் கூட்டிய பிறகு பழைய கோப்புகள் படிக்க வராது. அவற்றை மாற்றும் சிறு நிரலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோர் கோப்பை எனக்கோ வேறு யாருக்கோ அனுப்பவேண்டாம். நிரல் நினைவகத்தில் வைத்திருந்த அனைத்தும் அதில் திறந்தபடி இருக்கும்: தரவுத்தளக் கடவுச்சொல், விவசாயிகளின் பெயர்கள், வங்கிக் கணக்கு எண்கள் வரை. அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இருக்கும்படி அமைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். மேலும் உதவி வேண்டுமானால் சிக்னல் விவரம், எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸ், விழுந்த இயந்திரக் கட்டளை, அந்த நேரத்து ரெஜிஸ்டர்கள், கெட்ட பாயின்டரைச் சுற்றி முன்னும் பின்னுமாக 64 பைட்டுகள், பதிவின் வரையறை ஆகியவற்றை மட்டும், அந்தப் பைட்டுகளில் யாருடைய கணக்கு எண்ணும் இல்லை என்று பார்த்துவிட்டு, எழுதி அனுப்புங்கள்.